வேலைக்கு வேலூர் வந்தால்: பிள்ளைக்கு உள்ளூர்ப் பள்ளியா, மலை விடுதிப் பள்ளியா?

இரண்டு மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் வெளிநாட்டில் இருந்து வேலூருக்கு வரும் குடும்பங்கள் குறைவில்லை. மருத்துவக் கல்லூரி, ஆய்வுக்கூடம், பல்கலைக்கழகம் என்று ஏதாவது ஒன்று இழுத்து வந்துவிடும். வாடகை வீடு, விசா பதிவு எல்லாம் எப்படியோ முடிந்துவிடும். தூக்கத்தைக் கெடுப்பது பள்ளிதான். நாங்கள் மலேசியாவின் ஈப்போவில் இருந்து வந்தவர்கள். வரும்போது மகள் நான்காம் ஆண்டு, மகன் படிவம் ஒன்றுக்கு, அதாவது இங்கே ஏழாம் வகுப்புக்கு, போகும் வயது. வேலூரிலேயே ஒரு பள்ளியில் சேர்த்து வீட்டில் வைத்துக்கொள்வதா, கொடைக்கானலிலோ ஊட்டியிலோ விடுதியில் விடுவதா என்று நிறைய யோசித்தோம். கடைசியில் வேலூர்ப் பள்ளியில் சேர்த்தோம். அந்தப் பக்கம் சாய்ந்துதான் எழுதுகிறேன்.

மலைப்பள்ளிகளுக்கு ஒரு மரியாதை உண்டு, அதைக் குறைக்க முடியாது. லவ்டேல் லாரன்ஸ் பள்ளி 1858-இல் தொடங்கியது, ஊட்டி ஹெப்ரான் 1899-இல், கொடைக்கானல் பன்னாட்டுப் பள்ளி 1901-இல். கொடைக்கானல் பள்ளி தென்னிந்தியாவில் இருந்த அமெரிக்க மிஷனரிகளின் பிள்ளைகளுக்காகவே தொடங்கப்பட்டது. அன்றைக்குச் சொந்த ஊருக்குக் கப்பலில் வாரக்கணக்கில் போக வேண்டும். சமவெளியில் வெயிலும் காய்ச்சலும். பிள்ளையை மலையில் விடுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இன்று சென்னையில் விமானம் ஏறினால் நான்கு மணி நேரத்தில் கோலாலம்பூர். காய்ச்சலுக்குப் பக்கத்திலேயே பெரிய மருத்துவமனை. பழைய காரணங்களில் மிச்சம் இருப்பது வெயில் ஒன்றுதான். வேலூர் வெயிலைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அக்னி நட்சத்திரத்தில் மாநிலத்திலேயே முதலிடத்துக்குப் போட்டி போடும் ஊர்.

கட்டணத்தில் பேச ஒன்றும் இல்லை. மலையில் ஆண்டுக்கு லட்சக்கணக்கில் ஆகும். நிறுவனம் கொடுத்தால் சரி, கையில் இருந்து என்றால் நம் மலேசிய வெள்ளியாக (ரிங்கிட்) மாற்றிப் பார்த்தாலும் வலிக்கும். பாடத்திட்டத்தில் மலைக்குத்தான் வெற்றி. கொடைக்கானல் பள்ளியில் 1976-இலேயே ஐபி (பல நாடுகளில் ஏற்கப்படும் பன்னாட்டுப் பாடத்திட்டம்) வந்துவிட்டது. வேலூரில் பெரும்பாலும் மாநிலப் பாடத்திட்டம் அல்லது சிபிஎஸ்இ.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது இவை எதுவும் இல்லை, மாலை நேரம். மாலை நான்கு மணியில் இருந்து இரவு எட்டு வரை பிள்ளை எங்கே, யாரோடு, என்ன செய்கிறது என்பதுதான் வெளிநாட்டு வாழ்க்கையில் பாதி. ஒப்பந்தம் முடிந்து ஊருக்குப் போனபின் அவர்கள் இந்தியா என்று நினைக்கப்போவது அந்த நான்கு மணி நேரத்தையும் ஞாயிற்றுக்கிழமைகளையும்தான். மலையில் அதைப் பள்ளி பார்த்துக்கொள்கிறது, நன்றாகவே பார்த்துக்கொள்கிறது: கால்பந்து, இசை, மலையேற்றம். ஆனால் அதில் அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை, தெருவும் இல்லை.

என் மகனுக்கு ஈப்போவில் பூப்பந்தும் கால்பந்தும்தான் தெரியும். பாகாயத்தில் எங்கள் தெருவில் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒரு முறை தரையில் குத்தி எழும் பந்தைப் பிடித்தாலும் அவுட். மாடி வீட்டுக்குள் பந்து போனாலும் அவுட், அடித்தவனே போய்க் கதவைத் தட்டி வாங்கி வர வேண்டும். அந்த மாடி வீட்டுத் தாத்தா பந்தைக் கொடுக்குமுன் என்ன படிக்கிறாய், எந்த ஊர் என்று கேட்டுத்தான் கொடுப்பார். இப்போது அவர் வீட்டுக்குப் பந்து இல்லாமலும் போகிறான். பொங்கல் சமயத்தில் பக்கத்துக் கிராமத்தில் எருது விடும் விழா பார்க்க அவன் போனது அந்தத் தாத்தா குடும்பத்தோடுதான். பாதுகாப்பாக ஒரு மொட்டை மாடியில் நிறுத்தி வைத்தார்கள். எங்கள் கொள்ளுத்தாத்தா வட ஆற்காட்டில் போளூர்ப் பக்கம் இருந்து தோட்ட வேலைக்குக் கப்பல் ஏறியவர். அவர் ஊர் எருதுகளை என் மகன் பார்த்தது எனக்குப் பெரிய விஷயம்.

அதனால் வேலூரில் பள்ளி தேடும்போது மதிப்பெண் பட்டியலை அப்புறம் பாருங்கள். முதலில் இதைக் கேளுங்கள்: பிள்ளை எத்தனை மணிக்கு வீட்டு வாசலில் கால் வைக்கும்? பள்ளி விடும் நேரம் வேறு, இது வேறு. காட்பாடியில் பள்ளியும் பாகாயத்தில் வீடும் இருந்தால் நடுவில் ஊரையே கடக்க வேண்டும். கிரீன் சர்க்கிள் சந்திப்பில் வண்டிகள் நிற்கும் நிற்பில், நாலு மணிக்கு விட்ட பள்ளியில் இருந்து வேனில் வரும் பிள்ளை கடைசி நிறுத்தத்தில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருக்கும். சனிக்கிழமை பள்ளி உண்டா, ஸ்பெஷல் கிளாஸ் எந்த வகுப்பில் இருந்து, விளையாட்டு வகுப்பை உண்மையிலேயே விளையாட்டுக்கு விடுகிறார்களா என்றும் கேளுங்கள். பள்ளியில் கேட்பதைவிட அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் கேட்டால் உண்மை வரும். நாங்கள் முதலில் பார்த்த ஒரு பள்ளியில் கணக்குப் பாடம் விளையாட்டு வகுப்பை விழுங்கிவிடும் என்று பிள்ளைகளே சொன்னார்கள். கட்டடம் பளபளப்பாக இருந்தும் வேண்டாம் என்று வந்துவிட்டோம். இப்போது படிக்கும் பள்ளி சாதாரணம்தான், ஆனால் வீட்டில் இருந்து சைக்கிள் தூரம்.

ஞாயிற்றுக்கிழமைக்கு வேலூரில் ஒன்றும் இல்லை என்று சிலர் சொல்வார்கள். நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். கோட்டைக்கு அதிகாலையில் போனால் அகழி ஓரமாக நடக்கலாம், ஜலகண்டேஸ்வரர் கோயில் கல்யாண மண்டபத் தூண்களில் யாளிகளை மகள் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்ப்பாள். 1806 ஜூலையில் சிப்பாய்கள் எழுந்த இடம் இது என்று பாடப்புத்தகத்தில் படித்துவிட்டு, அதே சுவருக்குக் கீழே நிற்பது சாதாரணம் இல்லை. அமிர்தி வனவிலங்குப் பூங்கா, ஏலகிரியின் கொண்டை ஊசி வளைவுகள், ஆம்பூரில் இறங்கி ஒரு பிரியாணி. எல்லாவற்றையும்விட ஜவ்வாது மலையில் காவலூர் வானாய்வகம்: 2.3 மீட்டர் வைணு பாப்பு தொலைநோக்கி அங்கேதான் இருக்கிறது, சனிக்கிழமைகளில் பார்வையாளர்களை விடுகிறார்கள். நேரத்தைக் கேட்டுவிட்டுப் போங்கள். வைகாசி முதல் நாளில் குடியாத்தத்தில் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா, கூட்டம் தாங்காது, சின்னப் பிள்ளைகளைக் கையை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். மார்ச் பிற்பாதியில் இருந்து மட்டும் வெளியே போவது காலை எட்டு மணிக்குள் அல்லது பொழுது சாய்ந்த பிறகு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

விடுதியில் பிள்ளையை விட்ட அனுபவம் எனக்கு இல்லை, அதனால் அந்தப் பக்கத்தை முழுதாகச் சொல்லும் தகுதியும் இல்லை. கூட வேலை பார்ப்பவர் ஒருவரின் மகள் மலையில் படிக்கிறாள், தைரியமாக, சந்தோஷமாக இருக்கிறாள். அவர்கள் பாடு வேறு மாதிரி: இங்கிருந்து 400 கிலோமீட்டர் தாண்டிய பயணம், பிள்ளைக்கு விடுமுறை வரும்போது அப்பாவுக்கு லீவு கிடைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா என்னிடம் கேட்டது இதைத்தான்: "ஏம்மா, நீ வேலைக்குன்னு இங்க வந்துட்ட. புள்ளைய மலைக்கு அனுப்பிட்டா சாயந்திரம் வீட்டுக்கு வந்து யார்கிட்ட பேசுவ?"

தமிழைப் பொறுத்தவரை எங்களுக்கு இரட்டை லாபம். தமிழ்ப்பள்ளியில் படித்து வந்த மகள் இங்கே தமிழ்ப் பாடத்தில் திணறவே இல்லை, வகுப்பில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறாள். மலாய்தான் வீட்டில் விடாமல் பேசிக் காப்பாற்ற வேண்டியிருக்கிறது.

ஆனால் நான் சொல்வது எட்டாம் வகுப்பு வரைக்கும்தான் பொருந்தும். ஒன்பதில் இருந்து இந்த ஊரில் டியூஷன் மாலையைத் தின்றுவிடும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு என்றால் தெருவில் கிரிக்கெட் ஆட ஆளே கிடைக்காது. எந்த மாலை நேரத்துக்காக வீட்டில் வைத்துக்கொண்டோமோ அதுவே போய்விட்டால் என் கணக்கு மாறும். பிள்ளை பதினாறு வயதில் வருகிறது, மேற்படிப்பு வெளிநாட்டில் என்றால் மலையில் ஐபி படிப்பதுதான் வழி சுலபம் என்று நானே சொல்வேன். என் மகன் அடுத்து ஒன்பதாம் வகுப்பு. டியூஷன் வேண்டாம், வீட்டிலேயே உட்கார்ந்து படிக்கலாம் என்று பள்ளியில் பேசியிருக்கிறோம். வகுப்பாசிரியர் முகத்தில் நம்பிக்கை தெரியவில்லை, இருந்தாலும் சரி என்றார். ஜூனில் பார்ப்போம்.