தஞ்சாவூரில் ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கக் கற்ற பத்து வாரங்கள்

பாபநாசத்தில் வசிக்கும் நான், பதினொரு வயது மகளை அழைத்துக்கொண்டு பத்து ஞாயிற்றுக்கிழமைகள் தஞ்சாவூருக்கு ரயிலில் சென்று, மேல வீதிக்கு அருகில் ஒரு வீட்டு மாடியில் நடைபெறும் வகுப்பில் ஸ்டாஃப் நொட்டேஷனை, அதாவது மேற்கத்திய இசையை ஐந்து கோடுகளில் எழுதும் முறையை, படிக்கக் கற்றேன். கீபோர்டு சொல்லித்தரும் இடங்கள் எங்கள் பகுதியில் நிறையவே இருக்கின்றன. ஆனால் ஐந்து கோடுகளில் எழுதியிருக்கும் ஸ்வரத்தைப் பார்த்தவுடன் பெயர் சொல்லும் பயிற்சியை மட்டுமே பாடமாக வைத்து நடத்தும் வகுப்பை நான் இங்குதான் கண்டேன். தம் பெயரையும் முகவரியையும் எழுத வேண்டாம் என்று ஆசிரியை கேட்டுக்கொண்டதால் அவற்றைத் தவிர்க்கிறேன். கட்டணம் மாதம் 900 ரூபாய். உடன் வரும் பெற்றோரும் அமர்ந்து கற்கலாம், அதற்குத் தனியாகப் பணம் வாங்குவதில்லை.

இதற்கு முன் மகள் வேறோர் இடத்தில் இரண்டு ஆண்டுகள் கீபோர்டு கற்றாள். அங்கே ஒவ்வொரு ஸ்வரத்தின் அடியிலும் பென்சிலால் சி, டி, இ என்று அதன் மேற்கத்தியப் பெயரை எழுதிக் கொடுத்துவிடுவார்கள். குழந்தையின் கண் அந்த எழுத்தையே பார்க்குமே தவிர, மேலே உள்ள கோடுகளை ஒருநாளும் பார்க்காது. கிரேடு தேர்வில் முன்பின் பார்க்காத தாளைக் கொடுத்து வாசிக்கச் சொன்னபோது அவள் கண் கலங்கி நின்றதை நான் இன்னும் மறக்கவில்லை. மனப்பாடமாக வாசித்த மூன்று பாட்டுகளும் அந்த இடத்தில் அவளுக்குக் கைகொடுக்கவில்லை.

புதிய வகுப்பின் முதல் நாளில் பென்சிலுக்கே வேலை இருக்கவில்லை. இடக்கையை, உள்ளங்கை முகத்தைப் பார்க்கும்படியும் கட்டைவிரல் மேலே வரும்படியும் பிடிக்கச் சொன்னார்கள். ஐந்து விரல்களும் ஐந்து கோடுகள். இடையிலுள்ள நான்கு சந்துகளும் நான்கு இடைவெளிகள். ஆதி தாளம் போடும்போது தட்டிய பிறகு சுண்டுவிரலிலிருந்துதானே எண்ணத் தொடங்குகிறோம்? ஸ்டாஃப் எனப்படும் இந்த ஐந்து கோடுகளிலும் கீழேயிருந்துதான் எண்ண வேண்டும் என்பதால், சுண்டுவிரல் முதல் கோடு என்பது குழந்தைகளுக்குச் சொல்லாமலே விளங்கிவிட்டது. உயர்ந்த ஸ்வரங்களுக்காகக் கோடுகளின் தொடக்கத்தில் இடும் சுருள் குறியான ட்ரெபிள் க்ளெஃபில் சுண்டுவிரல் இ, மோதிரவிரல் ஜி, நடுவிரல் பி, ஆள்காட்டி விரல் டி, கட்டைவிரல் எஃப். சந்துகளில் கீழிருந்து எஃப், ஏ, சி, இ. வலக்கை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுப் பெயர் சொல்ல வேண்டும். கோடுகளின் பெயர்களை நினைவில் வைக்க ஆங்கில வாக்கியங்கள் சில புழக்கத்தில் இருக்கின்றன. அவற்றை இவர் சொல்லித்தருவதே இல்லை. நான்காவது கோட்டின் பெயர் வேண்டுமானால் அந்த வாக்கியத்தை முதலிலிருந்து ஓட்டிப் பார்க்க வேண்டியிருக்கும், அதற்குள் பாட்டு கடந்துபோய்விடும் என்பது அவர் சொன்ன காரணம். அது சரி என்பதை மூன்றாவது வாரத்திலேயே உணர்ந்தேன்.

இந்த வகுப்பை நான் மனமாரப் பாராட்டுவதற்கு முக்கியமான காரணம், கர்நாடக சங்கீதம் கேட்டும் பாடியும் வளர்ந்த குழந்தை எந்த இடத்தில் தடுக்கி விழும் என்பதை ஆசிரியை அறிந்து வைத்திருப்பதுதான். என் மகள் பாட்டியிடம் ஐந்து கட்டை சுருதியில், அதாவது ஆர்மோனியத்தின் ஐந்தாவது வெள்ளைக் கட்டையை ச-வாக வைத்து, சரளி வரிசை பாடியவள். இரண்டாவது கோட்டில் இருந்த ஸ்வரத்தைக் காட்டி, கீபோர்டில் வாசித்தும் காண்பித்து, “இது என்ன, கண்ணு?” என்று கேட்டபோது, “ச, டீச்சர்” என்றாள். அவள் காதுக்கு அது ஷட்ஜம்தான். ஆசிரியை அதைத் தவறு என்று சொல்லவில்லை. “நீ பாடும்போது அது ச. உன் பாட்டி நாலு கட்டையில் பாடினால் இதே ஸ்வரம் அவங்களுக்கு ரி. கட்டை மட்டும் மாறாது இல்லையா? இந்தக் கோடு அந்தக் கட்டை மாதிரி” என்றார். நம் ஸ்வரப் பெயர் சுருதியோடு நகரும். ஸ்டாஃபில் எழுதும் பெயர் நகராது. ஒரு கட்டை என்றால் சி, நான்கு என்றால் எஃப், ஐந்து என்றால் ஜி என்று ஆர்மோனியத்தில் நாம் என்றைக்கும் புழங்கும் எண்களை அவர் அப்படியே கோடுகளின்மேல் ஏற்றிவிட்டார். மூன்று கட்டைக்கும் நான்கு கட்டைக்கும் நடுவே கறுப்புக் கட்டை கிடையாது என்பது எங்களுக்கு முன்பே தெரியும். அதனால், தாளில் எல்லாப் படிகளும் ஒரே அளவாகத் தெரிந்தாலும் இ-யிலிருந்து எஃப் அரைப்படிதான் என்பதைத் தனியாக விளக்க வேண்டிய தேவை ஏற்படவில்லை.

அடுத்த மூன்று வாரங்கள் மூன்றே ஸ்வரங்களை வைத்துக்கொண்டு நடந்தன. ட்ரெபிள் க்ளெஃபின் சுருள் சுற்றிக்கொள்ளும் இரண்டாவது கோடு ஜி. தாழ்ந்த ஸ்வரங்களுக்கான குறியாகிய பேஸ் க்ளெஃபின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே ஓடும் நான்காவது கோடு எஃப். இரண்டு ஸ்டாஃபுகளுக்கும் நடுவே சிறிய தனிக்கோட்டில் அமர்ந்திருப்பது மிடில் சி. சி-யிலிருந்து மேலே ஜி வரை எத்தனை படியோ, கீழே எஃப் வரையிலும் அத்தனையே. இந்த மூன்றையும் பார்த்த மாத்திரத்தில் அடையாளம் கண்டுவிட்டால், மற்றவற்றை அவற்றிலிருந்து எத்தனை படி மேலே, எத்தனை படி கீழே என்று அறியலாம். இதற்காக அவர் கைப்பட எழுதிக் கொடுத்த 36 அட்டைகளை நாங்கள் ரயிலிலேயே புரட்டிக்கொண்டிருப்போம். முதலில், பாபநாசத்தில் ஏறி அய்யம்பேட்டை வரும்வரைகூட ஒரு சுற்று முடியாது. ஏழாவது வாரத்தில், திட்டை தாண்டுவதற்குள் மகள் நான்கு சுற்று முடித்தாள்.

எட்டாவது வாரம் பயிற்சிக்கு நோட்டுஸ்வரங்களை எடுத்துக்கொண்டது மிகப் பொருத்தமான தேர்வு. 1775-இல் திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர், மேற்கத்திய மெட்டுகளுக்குச் சாகித்தியம் அமைத்துச் செய்த சிறு பாடல்கள் அவை. சங்கராபரணத்தின் ஸ்வரங்களில் அமைந்திருப்பதால், சி-யை ஷட்ஜமாக வைத்தால் வெள்ளைக் கட்டைகளே போதும். கமகம் எனப்படும் ஸ்வர அசைவு இன்றிப் பாடுவதால் ஸ்டாஃபில் எழுதியதற்கும் பாடுவதற்கும் இடைவெளி இருக்காது. பாட்டியிடம் வாயால் கற்ற பாட்டைக் கோடுகளில் கண்டபோது மகள் தானாகவே விரலை வைத்துப் படித்துக்கொண்டு போனாள். கமகம் நிறைந்த தோடி வர்ணத்தை இப்படி எழுத முயன்றால் அதன் உயிர் தாளுக்கு வெளியே நின்றுவிடும் என்பதையும் ஆசிரியை அன்றே சொன்னது எனக்கு நிறைவாக இருந்தது.

குறைகளும் இருக்கின்றன. பேஸ் க்ளெஃபுக்கு மிடில் சி-யும் எஃப்-உம் தவிரக் கடைசி இரண்டு வாரங்களை மட்டுமே ஒதுக்கியிருக்கிறார்கள். விரலில் இ, ஜி, பி, டி, எஃப் என்று ஊறிப்போன பிறகு, அதே விரல்களை ஜி, பி, டி, எஃப், ஏ என்று மாற்றிச் சொல்ல அந்த அவகாசம் போதவே போதாது. மகளைவிட நான்தான் அதிகம் தடுமாறினேன். பயிற்சித் தாள்கள் நகலின் நகலாக இருப்பதால், ஸ்டாஃபுக்கு வெளியே வரும் லெட்ஜர் கோடுகள் சில தாள்களில் மங்கிப்போய், மேல் ஏ-யா சி-யா என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. கோட்டைப் பார்த்துப் படிக்கச் சொல்லித்தரும் இடத்தில் கோடு தெளிவாக இருக்க வேண்டாமா? பன்னிரண்டு பேருக்கு ஒரே கீபோர்டு என்பதும் குறைதான், ஆனால் பெயர் சொல்லும் பயிற்சிக்கு அது பெரிய இடையூறாக இல்லை.

வாசிக்கும் வேகத்தையோ விரல் பழக்கத்தையோ எதிர்பார்த்து இந்த வகுப்புக்குச் செல்ல வேண்டாம். அவை இங்கு பாடமே அல்ல. பாட்டு கற்ற குழந்தை கீபோர்டுக்கோ வயலினுக்கோ செல்லும்போது தாளைக் கண்டு அஞ்சாமல் இருக்க வேண்டும் என்று நினைக்கும் பெற்றோர் தயங்காமல் சேர்க்கலாம். சென்ற வாரம் மகள் பழைய பாட்டுப் புத்தகத்தை எடுத்து, அடியில் இருந்த பென்சில் எழுத்துகளை ரப்பரால் ஒவ்வொன்றாக அழித்துவிட்டு வாசித்தாள். பேஸ் க்ளெஃபுக்கென்று தனியாக ஆறு வாரம் நடத்துமாறு ஆசிரியையிடம் கேட்டிருக்கிறோம். நடத்தினால் நாங்கள் இருவரும் மீண்டும் சேருவோம்.