வாசமுள்ள ரோஜா: மன்னார்குடிக் கொல்லையில் ஆறு வருட அனுபவம்

2018 நவம்பரில் வந்த கஜா புயல் எங்கள் கொல்லையில் நின்ற நான்கு தென்னைகளையும் ஒரே ராத்திரியில் சாய்த்துவிட்டுப் போனது. மரத்தை அறுத்து ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் கொல்லை முழுக்க வெயில். அதைப் பார்த்துத்தான் ரோஜா வைக்கும் ஆசையே வந்தது. தினம் ஐந்தாறு மணி நேரமாவது நேர் வெயில் படாவிட்டால் ரோஜா தழைக்குமே தவிர பூக்காது.

முதலில் வாங்கியது ஆளை மயக்கும் சிவப்பு ஒன்று. நீளக் காம்பு, கூர்மையான மொட்டு, ஒரு வாரமானாலும் வாடாது. மாமியார் பறித்து முகர்ந்து பார்த்துவிட்டு, "என்னம்மா இது, காகிதப் பூவாட்டம் இருக்கு. வாசமே இல்லாததை சாமிக்கு எப்படி வைக்கிறது?" என்றார். அவர் சொன்னது சரிதான். அது பொக்கேக்காக வளர்க்கிற ரகம். காம்பு நீளமும் பல நாள் வாடாத தன்மையும் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்ததில் வாசம் விட்டுப்போன பூ.

அப்புறம் வாசத்துக்காகவே மூன்று வாங்கினேன்: பன்னீர் ரோஜா, டபுள் டிலைட், பாபா மெய்லாண்ட். பெரிய பெயர் கடைசி ஆளுக்குத்தான். 1963இல் பிரான்சில் வந்த கருஞ்சிவப்பு ரகம். ரோஜாவில் வாசம் எப்படி உண்டாகிறது என்று 2015இல் விஞ்ஞானிகள் ஆராய்ந்தபோது, வாசமில்லாத ஒரு ரோஜாவுக்குப் பக்கத்தில் வைத்து ஒப்பிட எடுத்துக்கொண்டதே இதைத்தான். தை மாதக் காலையில் பூத்த முதல் பூவை இன்னும் மறக்கவில்லை. ஆனால் கார்த்திகை மழையில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து உதிரும். சித்திரையில் இதழ் ஓரம் தீய்ந்து, பூ எலுமிச்சம்பழ அளவுக்குச் சுருங்கும். இரண்டரை வருடம் மல்லுக்கட்டினேன்.

அதற்கும் முன்னால் மண்ணோடு ஒரு சண்டை. நம்முடையது நெல்லுக்கென்றே வாய்த்த களிமண். ஐப்பசியில் மழை பிடித்தால் குழியில் தண்ணீர் நாலு நாள் நிற்கும். ரோஜா வேருக்கு அது ஆகவே ஆகாது. தரையில் நட்ட அந்தச் சிவப்பு ரோஜா முதல் மழைக்கே போய்விட்டது. பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தோல் கையோடு உரிந்து வந்தது, ஒரே சாக்கடை நாற்றம். பிறகு தஞ்சாவூரிலிருந்து வந்த வண்டியில் வல்லத்துச் செம்மண் நாலு மூட்டை ஏற்றி வந்து, அடியில் ஓட்டுச் சில்லு பரப்பி, செம்மண், ஆற்று மணல், மக்கிய தொழு உரம் கலந்து ஒன்றரை அடி உயரத்துக்கு மேட்டுப் பாத்தி போட்டேன். அதற்குப் பிறகு தண்ணீர் தேங்கி ஒரு செடிகூடச் சாகவில்லை. உரத்தைவிட எனக்குக் கைகொடுத்தது இந்த மேடுதான்.

டபுள் டிலைட் நல்ல செடி. வெண்ணெய் நிறத்தில் விரிந்து, வெயில் பட்ட இடமெல்லாம் சிவப்பு ஏறும். காலையில் பூத்ததும் சாயங்காலம் பார்ப்பதும் வேறு வேறு பூ போல இருக்கும். வாசம் மார்கழி முதல் மாசி வரை அபாரம், பங்குனிக்கு மேல் சுமார்தான். இதில் நான் ஏமாந்த கதை ஒன்று உண்டு. இரண்டாம் வருடம் அடியிலிருந்து ஒரு போத்து கிளம்பி, ஆள் உயரத்துக்குத் தளதளவென்று வளர்ந்தது. செடி தேறிவிட்டது என்று மகிழ்ந்து கடலைப் புண்ணாக்குக் கரைசல் ஊற்றி வளர்த்தேன். இந்த ரகத்தைக் காட்டு ரோஜா வேரின் மேல் ஒட்டுக்கட்டித்தான் விற்கிறார்கள். போத்து வந்ததோ அந்த ஒட்டுக்குக் கீழேயிருந்து. வேருக்காக வைத்த காட்டு ரோஜா! மேலே டபுள் டிலைட் பாதி காய்ந்தபிறகுதான் புரிந்தது. இப்போதெல்லாம் ஒட்டு முடிச்சு மண்ணுக்கு மேலே தெரியும்படி நடுகிறேன். கீழே துளிர் கண்டால் கத்தரிக்காமல், மண்ணை விலக்கி அடியோடு கிள்ளிவிடுவேன். வெட்டினால் இரண்டாகக் கிளைத்து வரும்.

பன்னீர் ரோஜாவுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. குச்சியில் வேர்விட்ட செடி, அடியிலிருந்து எது முளைத்தாலும் பன்னீர்தான். வாங்கிய விலை 40 ரூபாய். பூ சிறிது, வெளிர் ரோஸ், கொத்தாக வரும், தண்டு முழுக்க முள். ஜாடியில் வைக்க உதவாது, பறித்த அன்றே கொட்டிவிடும். ஆனால் காலை ஆறு மணிக்குக் கொல்லைக் கதவைத் திறந்தால் கிணற்றடி வரை வாசம். பத்து மணிக்குள் பறித்துவிட வேண்டும், வெயில் ஏறினால் பாதி போய்விடும். சித்திரையிலும் பூக்கிறது, வாசம் கொஞ்சம் குறைந்தாலும் இருக்கிறது.

கவாத்து, அதாவது கிளைகளை வெட்டிவிடும் விஷயத்தில் புத்தகத்தை நம்பி அக்டோபரில் வெட்டினேன். மறு வாரமே அடைமழை. வெட்டுவாயிலிருந்து தண்டு கறுத்துக்கொண்டே கீழிறங்கியது. இப்போது மழை ஓய்ந்து மார்கழி பாதிக்கு மேல்தான் கத்தரி எடுக்கிறேன். வெளிப்பக்கம் பார்த்த கணுவுக்கு மேலே சாய்வாக வெட்டி, போர்டோ பசை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்த பூஞ்சை மருந்து) தடவினால் ஏறக்குறைய ஒன்றரை மாதத்தில் பூ. கோடையில் இலைப்பேன் வந்து மொட்டு விரியாமல் கருகும். வேப்பெண்ணெய்க் கரைசல் அடிக்கிறேன், பாதிதான் கேட்கிறது.

செடி வாங்கப் போகிறவர்கள் காலையில் போங்கள், பூத்திருக்கிற செடியையே முகர்ந்து பார்த்து எடுங்கள். அட்டையில் ஒட்டிய படத்துக்கு வாசம் கிடையாது.

பன்னீர் இப்போது ஏழு செடியாகிவிட்டது. சாமிக்குப் போக மிஞ்சும் இதழைக் கற்கண்டுத் தூளோடு மாற்றி மாற்றி அடுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் மூன்று வாரம் வெயிலில் வைத்து மாமியார் குல்கந்து போடுகிறார். பாபா மெய்லாண்ட் இருந்த இடத்தில் கறிவேப்பிலை நிற்கிறது, நன்றாகத் தழைக்கிறது.