ஒமேகா ஸ்பீட்மாஸ்டர்: கும்பகோணத்திலிருந்து ஒரு ரிவ்யூ

விலை அவ்வளவாக இறங்காத குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்ச் வசதியுள்ள கைக்கடிகாரம்) வேண்டுமென்றால் ரோலெக்ஸ் டேடோனாதான், ஆனால் கடையில் கேட்டவுடன் கிடைக்காது. நான் வாங்கியது ஒமேகா ஸ்பீட்மாஸ்டர் புரொஃபஷனல், ஹெசலைட் என்ற பிளாஸ்டிக் கண்ணாடி போட்டது. 1969இல் நிலாவுக்குப் போன வாட்ச்சின் வழிவந்தது, உள்ளே 3861 என்ற மெஷின், முழுசாகச் சாவி கொடுத்தால் 50 மணி நேரம் ஓடும், காலையில் அந்தச் சாவி கொடுக்கிற சுகத்துக்கே வாங்கலாம். பவுன் மாதிரி விலை ஏறும் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள். 50 மீட்டர்தான் தண்ணீர் தாங்கும் என்பதால் காவிரியில் இறங்கும்போது கழற்றி வைத்துவிடுகிறேன். அப்புறம், பெட்டி, வாரண்டி கார்டு, சர்வீஸ் ரசீது எல்லாம் பத்திரமாக இருந்தால்தான் விற்கும்போது நல்ல விலை வரும். கேஸுக்கு (வாட்ச்சின் வெளி உலோக உடலுக்கு) பாலிஷ் போட விடவே விடாதீர்கள், ஓரம் மழுங்கினால் மதிப்பு போச்சு. சர்வீஸுக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து பேட்டரி கடை வேண்டாம், கம்பெனி சென்டருக்கே அனுப்புங்கள்.