பத்து மீட்டருக்கு எந்த பெல்லட்? ஐந்து டப்பாவும் ஒரு பேரலும்

பத்து மீட்டர் தூரத்துக் குறி அட்டையைச் சுட ஏர் ரைஃபிளில் போடும் சின்ன ஈயக் குண்டுதான் பெல்லட். எதை வாங்குவது என்ற தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அழுத்தக் காற்று சிலிண்டர் வைத்த மேட்ச் (போட்டி) ஏர் ரைஃபிளுக்கு ஹெச் அண்ட் என் ஃபினாலே மேட்ச் ரைஃபிள் என்ற பெல்லட். அது கிடைக்காவிட்டால் ஆர்டபிள்யூஎஸ் ஆர்10. ஸ்பிரிங் துப்பாக்கி என்றால் ஆர்டபிள்யூஎஸ் மைஸ்டர்குகெல்ன் போதும், அதற்கு மேல் கொட்டும் காசு அட்டையில் தெரியாது. கூர்முனை பெல்லட்டும், மூடியில் முயல் படம் போட்ட டப்பாவும் வேண்டவே வேண்டாம்.

வெளிநாடுகளில் பெரிய விலங்கு வேட்டைக்கு ரைஃபிள் வைத்திருப்பவர்கள் தோட்டாவைத் தாங்களே நிரப்பிக்கொள்வது வழக்கம். வெடிமருந்தை கிரெய்ன் (ஒரு சிறு எடை அளவு) கணக்கில் கூட்டிக் குறைப்பார்கள், குண்டு எவ்வளவு ஆழம் உட்கார வேண்டும் என்று மாற்றிப் பார்ப்பார்கள், உடலுக்குள் போய் விரியும் குண்டா விரியாத குண்டா என்று மணிக்கணக்கில் வாதாடுவார்கள். வண்ணாரப்பேட்டையிலோ திருவொற்றியூரிலோ ஏர் ரைஃபிள் வைத்திருப்பவருக்கு அப்படி மாற்றிப் பார்க்க எதுவும் கிடையாது. துப்பாக்கி பெல்லட்டைத் தள்ளும் வேகம் தொழிற்சாலையில் வைத்தது. கையில் இருக்கும் ஒரே தேர்வு பெல்லட். அதனால்தான் இந்த 0.53 கிராம் ஈயத்துக்கு இவ்வளவு மெனக்கெட வேண்டியிருக்கிறது. குறி அட்டை மட்டும்தான்: அணிலையும் கொக்கையும் குறிவைக்கப் பார்ப்பவர்களுக்கு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. 2016 ஆயுத விதிகளின்படி 0.177 அங்குலத்துக்கும் 20 ஜூலுக்கும் மேற்படாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பதும் குறி எதுவாக இருந்தாலும் சுடலாம் என்று பொருளல்ல.

இனி டப்பாக்கள்.

ஃபினாலே மேட்ச், ஆர்10, மைஸ்டர்குகெல்ன் மூன்றும் ஜெர்மனியில் செய்பவை. டப்பாவுக்கு 500, ரைஃபிள் வகையின் எடை 0.53 கிராம். சில லேபிள்களில் இதையே 8.2 கிரெய்ன் என்று போட்டிருப்பார்கள், குழம்ப வேண்டாம். மூன்றுமே தட்டைத் தலை. காகிதத்தில் பஞ்சிங் மெஷின் போட்டதுபோல் வட்டமாக ஓட்டை விழுவதற்காகவே அந்தத் தலை. வட்டத் தலை பெல்லட் காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும். கோட்டைத் தொட்டதா இல்லையா என்று சண்டை வரும். அதே பெயரில் பிஸ்டலுக்கான இலகு வகையும் விற்கிறது. ஆர்10 பிஸ்டல் 0.45 கிராம். ஆன்லைனில் படத்தை மட்டும் பார்த்து வாங்குபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். எடையைப் படித்துவிட்டு காசு கட்டவும்.

ஃபினாலேவுக்கு முதலிடம் தந்ததற்குக் காரணம் ஸ்கர்ட். பெல்லட்டின் இடுப்புக்குக் கீழே மெல்லிய பாவாடைபோல் விரியும் பகுதி அது. காற்று பின்னாலிருந்து தள்ளும்போது அதுதான் விரிந்து பேரலின் (துப்பாக்கிக் குழலின்) உட்புற வரிகளை அடைக்கிறது. அது நசுங்கியிருந்தால் ஒரு பக்கம் காற்று கசிந்து, பெல்லட் பேரல் வாயை விட்டு வெளியேறும் நொடியில் சாய்ந்துவிடும். ஆர்10 இதில் சளைத்ததல்ல. ஆனால் கூரியரில் உருண்டு வரும் டப்பாக்களில் ஸ்கர்ட் நெளிவு இரண்டிலும் உண்டு. டப்பாவைத் திறந்ததும் வெள்ளைத் துணியில் கொட்டி, வெளிச்சத்தில் பின்பக்கத்தைப் பார்த்து, நெளிந்ததைத் தனியே ஒதுக்குங்கள். பேனா முனையால் நிமிர்த்திப் பயன்படுத்துவதெல்லாம் பயிற்சிக்கு மட்டும்.

சீனாவின் கியாங் யுவான் மேட்ச் வகையும் பல சுடுதளங்களில் புழங்குகிறது. உயர் ரகம் நுரைத் தட்டில் ஒவ்வொன்றும் தனிக்குழியில் வருவதால் நெளிவுப் பிரச்சினை குறைவு. கிடைக்கும்போது சோதித்துப் பார்க்கத் தகுதியானது. ஆனால் அதே லாட் (ஒரே தொகுப்பாகச் செய்த சரக்கு) மறுபடி கிடைக்குமா என்பது விற்பவர் கையில். செக் நாட்டு ஜேஎஸ்பி எக்ஸாக்ட், தலை அளவு 4.52 மில்லிமீட்டர், எடை 0.547 கிராம், வட்டத் தலை. இது 25 மீட்டருக்கு மேல் சுடுபவர்களுக்கான சரக்கு. அங்கே தட்டைத் தலை காற்றை எதிர்த்துத் தள்ளாடும், இது தள்ளாடாது. பத்து மீட்டர் அட்டைக்கு வாங்குவது வீண்.

தலை அளவுக்கு வருவோம். மூடியிலோ அடியிலோ சின்ன ஸ்டிக்கரில் 4.49, 4.50, 4.51 என்று மில்லிமீட்டரில் தலையின் அளவு இருக்கும். தலை பேரல் வரிகளின் மேட்டில் உரசியபடி போகிறது. சின்னதாக இருந்தால் ஆடிக்கொண்டே போகும், பெரிதாக இருந்தால் வரிகள் அதை அழுத்திச் சிதைக்கும். எனவே அளவு முக்கியம்தான். ஆனால் 0.01 மில்லிமீட்டர் வித்தியாசத்தை மைக்ரோமீட்டர் வைத்து வீட்டில் அளந்துவிடலாம் என்பது ஆசை. ஈயம் மெத்து, மைக்ரோமீட்டரைத் திருகும் அழுத்தத்திலேயே தலை சப்பிவிடும், அளவுக்குப் பதில் உங்கள் விரல் பலம்தான் தெரியும். 4.49, 4.50 இரண்டிலும் ஒரு டப்பா வாங்கிச் சுட்டுப் பார்ப்பதே நேர்வழி. ஒன்றை மட்டும் வாங்க முடியும் என்றால் 4.50.

எடை போட்டுப் பிரிப்பது பெரிய சடங்காகிவிட்டது. சவுகார்பேட்டையில் நகைக்கடைக்காரர்கள் வாங்கும் மில்லிகிராம் தராசு இதற்குப் போதும். ஆனால் கணக்கு என்ன சொல்கிறது பாருங்கள். மேட்ச் ரைஃபிளில் பெல்லட் வினாடிக்கு சுமார் 170 மீட்டரில் போகிறது. பத்து மீட்டருக்குள் அது கீழே இறங்குவது ஏறக்குறைய 17 மில்லிமீட்டர். ஒரு பெல்லட் 0.01 கிராம் கூடுதல் என்றால் வேகம் ஒரு சதவீதம் குறையும், இறக்கம் மூன்றில் ஒரு மில்லிமீட்டர் கூடும். போட்டி அட்டையில் ஒவ்வொரு 0.1 புள்ளிக்கும் 0.25 மில்லிமீட்டர்தான் இடைவெளி. ஆக, 10.5 வர வேண்டியது 10.4 ஆகலாம், மோசமானால் 10.3. தசமக் கணக்கில் 60 குண்டு சுடுபவருக்கு அது பெரிய விஷயம். அட்டையில் எட்டும் ஒன்பதும் விழுந்துகொண்டிருப்பவர் தராசை வாங்காமல் அந்தக் காசில் இன்னும் இரண்டு டப்பா வாங்கிச் சுடட்டும். நல்ல டப்பாவில் எடை வித்தியாசம் பெரும்பாலும் அந்த 0.01 கிராமுக்குள்தான் நிற்கிறது. மலிவு டப்பாக்களில்தான் தராசு உண்மையிலேயே கண்ணைத் திறக்கும்: ஒரே டப்பாவில் இரண்டு வேறு அச்சில் அடித்தவை கலந்திருப்பதுகூடத் தெரிந்துவிடும்.

சோதிக்கும் முறைக்கு வருவோம். இதில்தான் பலர் தங்களைத் தாங்களே ஏமாற்றிக்கொள்கிறார்கள். புதிய டப்பாவுக்கு மாறியதும் முதல் 10, 15 குண்டு கணக்கில் சேராது. பேரலுக்குள் பழைய ஈயப் பூச்சின் மேல் புதியது படிந்து நிலைபெற வேண்டும். அதன்பின் ஒரே குறியில் ஐந்து குண்டு சுட்டால் அது ஒரு குரூப்; டப்பாவுக்கு அப்படி ஐந்து. நான்கு அசிங்கமான குரூப்பும் ஒரு அழகான குரூப்பும் விழுந்தால், அழகானதைப் போட்டோ எடுத்து வாட்ஸ்ஆப்பில் போடுவது மனித இயல்பு. கணக்கில் எடுக்க வேண்டியது ஐந்தின் சராசரி. ஓட்டைகளின் வெளி ஓரத்திலிருந்து வெளி ஓரம் அளந்து 4.5 மில்லிமீட்டரைக் கழித்தால் மையத்துக்கு மையம் கிடைக்கும். மேட்ச் ரைஃபிளில் வெளி அளவு 7 மில்லிமீட்டருக்குள் திரும்பத் திரும்ப வந்தால் அந்த டப்பா உங்களுடையது. ரைஃபிளை ரப்பர் வைத்த வைஸில் (இறுக்கிப் பிடிக்கும் கருவியில்) பிடித்துச் சுடுவது நல்லது. கையால் சுட்டால் பெல்லட்டைச் சோதிக்கிறீர்களா தோளைச் சோதிக்கிறீர்களா என்று தெரியாது. சிலிண்டரில் காற்றழுத்தம் குறைந்த நேரத்தில் சோதனை வேண்டாம். அழுத்தமானி பச்சையில் இருக்கட்டும்.

ஸ்பிரிங் துப்பாக்கியை மட்டும் வைஸில் கட்டக் கூடாது. உள்ளே பிஸ்டன் முன்னும் பின்னும் இடிக்கும்போது துப்பாக்கி துள்ளியாக வேண்டும். துள்ள விடாமல் இறுக்கினால் குறி வேறு இடத்துக்குப் போகும், ஸ்டாக் (கைப்பிடிக் கட்டை) திருகுகளும் தளரும். மணல் பையின் மேல் உள்ளங்கையை வைத்து, அதன் மேல் துப்பாக்கியை லேசாக உட்கார வைத்து, ஒவ்வொரு முறையும் கை அதே இடத்தில். திருகுகளைச் சோதனைக்கு முன்பே பார்த்துவிடுங்கள். பெல்லட்டைத் திட்டித் தீர்த்தபின் கடைசியில் முன் திருகு ஆடிக்கொண்டிருப்பது தெரியவரும் கதை அடிக்கடி நடப்பது. மெலிந்த, ஈயமில்லாத இலகு பெல்லட்டுகள் வேகம் காட்டும் என்று சிலர் வாங்குகிறார்கள். எதிர்ப்பு குறைவதால் பிஸ்டன் ஓங்கி இடித்து சீல் சீக்கிரம் போகும். இன்னொன்று: பெல்லட்டுக்கோ அறைக்கோ தையல் மெஷின் எண்ணெய், தேங்காய் எண்ணெய் விடுவது. ஸ்பிரிங் அழுத்தும் வேகத்தில் காற்று சூடாகி எண்ணெய் பற்றிக்கொள்ளும். 'டமார்' என்று சத்தம் வருவதைச் சக்தி என்று நினைத்துச் சந்தோஷப்படுவார்கள். அது துப்பாக்கியைத் தின்கிறது.

வடசென்னையில் இதற்கென்று சில தொல்லைகள் உண்டு. கடல் பக்கத்து ஈரக்காற்றில் திறந்து வைத்த டப்பாவில் ஈயத்தின் மேல் வெள்ளைப் பொடி படியும். மூடியை டேப் ஒட்டி, இறுக்கமான பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். மர அலமாரி, புது பிளைவுட் இழுப்பறை வேண்டாம்; மரமும் பசையும் விடும் அமில ஆவி ஈயத்தை அரிக்கும். வெள்ளை படிந்ததைத் துடைத்து போட்டிக்கு எடுக்காதீர்கள், அந்தப் பொடி நச்சு. பெல்லட்டை உதட்டில் கவ்விக்கொண்டு லோடு செய்யும் பழக்கம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. அதை இன்றோடு விடவும். சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் டீ.

பழைய வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துத் தெருவாசல் முதல் கொல்லை வரை நீளும் குறுகல் வீடுகள் பத்து மீட்டருக்கு வாகானவை. ஆனால் கொல்லைக் கதவை உள்ளே தாழ் போட்ட பிறகே முதல் குண்டு. அட்டைக்குப் பின்னால் நேராக நிற்கும் இரும்புத் தகடு வேண்டாம், ஈயத் துணுக்கு திரும்பி வரும். பட்டறையில் கொடுத்து, 45 டிகிரி கீழ்நோக்கிச் சாய்த்த தகட்டைப் பெட்டிக்குள் பற்றவைத்து வாங்குங்கள். சிதறல் பெட்டிக்குள்ளேயே கிடக்கும். கண்ணாடி எல்லோருக்கும், வேடிக்கை பார்க்கும் பிள்ளைக்கும் சேர்த்து. மொட்டை மாடியில் சுடுவதை ஆதரிக்க முடியாது. பிற்பகல் கடற்காற்று குரூப்பைக் கெடுக்கும் என்பது சின்னக் காரணம். பக்கத்து மாடியில் துணி காயவைக்கிறவர்கள்தான் பெரிய காரணம்.

பேரல் சுத்தத்துக்கு ஃபெல்ட் (கம்பளித் துணி) உருண்டை போதும்; ஒரு டப்பா தீர்ந்ததும் பின்பக்கத்திலிருந்து இரண்டு உலர்ந்தது செலுத்துங்கள். பித்தளைப் பிரஷ் மேட்ச் பேரலுக்கு ஆகாது.

வாங்கும் விதம்: சோதனைக்கு முதலில் ஒவ்வொன்றிலும் ஒரே டப்பா. எது ஒத்துவருகிறதோ அதன் லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதே எண்ணில் கடைக்காரரிடம் இருப்பதை எல்லாம் மொத்தமாகக் கேளுங்கள். அதே பெயர், அதே 4.50, வேறு லாட் என்றால் அது வேறு பெல்லட். 'எல்லாம் ஒண்ணுதான் சார்' என்று சொல்லும் கடையில் லேபிளை நீங்களே புரட்டிப் பாருங்கள். பார்க்க விடாத கடையில் ஒரு டப்பாவுக்கு மேல் வாங்காதீர்கள்.