எழுத்தில் முறையீடா, ஆம்புட்ஸ்பெர்சனா?

சர்வதேச அமைப்பில் வேலை பார்க்கிறவர் மேலதிகாரியோடு முட்டிக்கொண்டால் போக்கிடம் குறைவு. 1946-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஐ.நா.வுக்குச் சட்ட விலக்குரிமை உண்டு. மற்ற அமைப்புகளும் பெரும்பாலும் இப்படி ஏதாவது ஒரு பாதுகாப்போடுதான் இயங்குகின்றன. அதனால் எந்த நாட்டில் உட்கார்ந்து வேலை செய்தாலும் அந்த நாட்டுத் தொழிலாளர் நீதிமன்றம் நமக்கு உதவாது. சண்டையை உள்ளேயேதான் தீர்த்துக்கொள்ள வேண்டும். அதற்கு இரண்டு வழி: எழுத்தில் முறையிடலாம், அல்லது ஆம்புட்ஸ்பெர்சனிடம் (ஊழியர் பிரச்சினையைக் கேட்டு, பேசித் தீர்க்க உதவுகிற நடுநிலை அலுவலர்) போகலாம். நான் போனது இரண்டாவதில். அதனால் இந்த அலசல் ஒரு பக்கம் சாய்ந்துதான் இருக்கும்.

(மனிதவளத் துறையை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அது நிர்வாகத்தின் கை. ஊழியர் சங்கம் பொதுப் பிரச்சினைக்கு நல்லது. தனி ஆள் பிரச்சினை என்றால் அங்கே யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது.)

வங்கிக்கும் காப்பீட்டுக்கும் இருக்கிற குறைதீர்ப்பாளரை மனதில் வைத்துக்கொண்டு போனால் ஏமாந்துபோவீர்கள். அவர்கள் விசாரித்து முடிவு சொல்கிறவர்கள். ஸ்வீடனின் 1809 அரசியலமைப்பில் பிறந்த மூல ஆம்புட்ஸ்மேனும் விசாரிக்கிற ரகம்தான். அலுவலக ஆம்புட்ஸ்பெர்சன் விசாரிக்க மாட்டார், தீர்ப்புச் சொல்ல மாட்டார், ஒரு உத்தரவைக்கூட மாற்ற முடியாது. உங்கள் வக்கீலும் இல்லை. ஐ.நா.வில் 2002-இல் வந்த பதவி இது. சுயேச்சை, நடுநிலை, ரகசியம், முறைசாராத அணுகுமுறை என்ற நான்கையும் வைத்துத்தான் அது நடக்கிறது.

முறையீட்டின் பலம் எல்லோருக்கும் தெரிந்ததே: கடைசியில் கட்டுப்படுத்தும் தீர்ப்பு ஒன்று கிடைக்கும். ஐ.நா. செயலகத்தில் நிர்வாக முடிவு கைக்கு வந்த நாளிலிருந்து 60 நாளுக்குள் மறுமதிப்பீடு கேட்க வேண்டும். பதிலுக்குத் தலைமையகத்தில் 30 நாள், வெளி அலுவலகங்களில் 45 நாள். அதுவும் சரிப்படாவிட்டால் 90 நாளுக்குள் பிணக்குத் தீர்ப்பாயம், அதற்கு மேல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம். 2009 ஜூலையிலிருந்து இந்த இரண்டு அடுக்கிலும் தொழில்முறை நீதிபதிகள் இருக்கிறார்கள். வேலையே போய்விட்டது என்றால் யோசிக்கவே வேண்டாம், இந்த வழிதான்.

என் விஷயம் அவ்வளவு பெரியதல்ல. வழக்கமாக ஓராண்டுக்கு வருகிற ஒப்பந்த நீட்டிப்பு அந்த முறை மூன்று மாதத்துக்கு வந்தது. அதற்கு முந்தைய மாதம்தான், நிதி தருகிறவர்கள் உட்கார்ந்திருந்த கூட்டத்தில் மேலதிகாரி சொன்ன கால அட்டவணை நடக்காது என்று வாய்விட்டுச் சொல்லியிருந்தேன். இரண்டுக்கும் முடிச்சு போட எனக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை.

நாற்பது பக்கத்துக்கு மின்னஞ்சல்களை அச்செடுத்து, தேதிவாரியாக அடுக்கி, ஃபைலோடு போய் உட்கார்ந்தேன். ஆம்புட்ஸ்பெர்சன் அதை வாங்கவே இல்லை. “உங்களிடமே இருக்கட்டும், நான் பதிவு எதையும் வைத்துக்கொள்வதில்லை” என்றார். பிறகு கேட்டார்: “ஆறு மாதம் கழித்தும் இதே மனிதரோடுதான் ஒரே மேசையில் உட்காரப்போகிறீர்கள் என்றால், அதற்குள் என்ன நடந்திருக்க வேண்டும்?” ஃபைலில் அதற்குப் பதில் இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே விஷயம்தான்: கடிவாளம் யார் கையில் இருக்கிறது என்பது. ஆம்புட்ஸ்பெர்சன் ஒவ்வொரு அடிக்கும் என் சம்மதம் கேட்டார். மேலதிகாரியிடம் பேசலாமா? என் பெயரைச் சொல்லலாமா, சொல்லாமல் விதியை மட்டும் விசாரிக்கலாமா? நடுவில் ‘போதும், விட்டுவிடுங்கள்’ என்றால் அங்கேயே நிற்கும். உயிருக்கோ உடம்புக்கோ உடனடி ஆபத்து என்ற நிலை தவிர, சொன்னது வெளியே போகாது.

எழுத்தில் கொடுத்த முறையீடு அப்படியல்ல. அதையும் திரும்பப் பெறலாம்தான். ஆனால் அதற்குள் சட்டப் பிரிவு மேலதிகாரியிடம் விளக்கம் கேட்டிருக்கும். அவரும் எழுதியிருப்பார். ‘இவரது வேலை திருப்தி இல்லை’ என்று ஒரு தடவை எழுதிவிட்டால், முதலில் அப்படி நினைக்காதவர்கூடப் பிறகு அதைக் காப்பாற்றத்தான் பார்ப்பார். கோபத்தில் சொன்னதை மறந்துவிடலாம், கோப்பில் ஏறியதை யாரும் மறப்பதில்லை. தீர்ப்பாயம் வரை போனால், தீர்ப்பு இணையத்தில் வெளியாகும், வழக்கமாக உங்கள் பெயரோடு. ஜெயித்தாலும் அப்படித்தான். அடுத்த வேலைக்கு ஆள் எடுக்கிறவர் உங்கள் பெயரைத் தேடினால் முதலில் அகப்படுவது எதுவாக இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இந்த உலகம் சின்னது. இன்று எதிரே உட்கார்ந்திருப்பவர் நாளை வேறொரு அமைப்பின் தேர்வுக் குழுவில் இருப்பார்.

ஆம்புட்ஸ்பெர்சன் வழியிலும் ஒரு பொறி உண்டு. ஆம்புட்ஸ்பெர்சனிடம் பேசுவது அமைப்புக்குத் தெரிவித்ததாக ஆகாது, கெடுவும் தானாக நிற்காது. ஐ.நா. விதியில், சமரச முயற்சி நடக்கும்போது 60 நாளை நீட்டிக்க இடம் இருக்கிறது. ஆனால் நீட்டிப்பு கொடுத்தால்தான் உண்டு. எங்கள் விதியும் கிட்டத்தட்ட அதேதான். முதல் சந்திப்பிலேயே “கடிதம் வந்த தேதி என்ன?” என்று அவரே கேட்டுவிட்டார். அன்று 41-ஆவது நாள். நான் எண்ணிப் பார்த்திருக்கவே இல்லை.

துன்புறுத்தல், பழிவாங்கல் போன்றவற்றில் எனக்கு அனுபவம் இல்லை. அப்படி ஒன்றில் மாட்டிய சக ஊழியர் ஒருவர், பேசிப் பேசியே காலம் போனதுதான் மிச்சம் என்றார். அவரை மறுத்துப் பேச என்னிடம் எதுவும் இல்லை. நான் பார்த்ததும் ஒரே ஒரு ஆம்புட்ஸ்பெர்சனைத்தான். ஆள் மாறினால் அனுபவமும் மாறலாம்.

எனக்கு ஓராண்டு நீட்டிப்பு வந்தது. திட்ட நிதி எப்போது முடிகிறது என்பதில் ஏற்பட்ட குழப்பம்தான் காரணம் என்று மேலதிகாரி சொன்னாராம். உண்மையா, மானத்தோடு பின்வாங்க அவர் பிடித்துக்கொண்ட சாக்கா, தெரியாது. மன்னிப்பு எதுவும் வரவில்லை. மறுமதிப்பீட்டு மனுவை எழுதி வைத்திருந்தேன். 60-ஆவது நாளுக்கு முன் அனுப்பத் தயாராக. புது ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அதை அழித்தேன்.