காரைக்குடிப் பக்கம் லேப்டாப்புக்கு ஓஎஸ் (விண்டோஸ்) போடக் கொடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கொடுங்கள்

கோட்டையூரில் எங்கள் ஆச்சி பலகாரம் செய்து விற்கிறார். தேன்குழல், மணகோலம், சீப்புச் சீடை என்று சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் பார்சல் போகும். பில், முகவரி, பாக்கி எல்லாம் ஒரே லேப்டாப்பில்தான். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதே என்று, 11 போட்டுத் தரச்சொல்லி காரைக்குடியில் ஒரு கடையில் கொடுத்தார். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடைப் பெயரை இங்கே எழுதவில்லை.

"ஒரிஜினல் கீ" (விண்டோஸ் உரிமத்துக்கான எண்) உட்பட 2,500 ரூபாய் வாங்கினார்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து ஆன் செய்தால் திரை நடுவில் ஒரு சின்ன விண்டோ. மேலே 'சிஸ்டம் பிரிபரேஷன் டூல் 3.14' என்று போட்டிருக்கும். மூடினால் போய்விடும், பில் போடலாம். மறுநாள் ஆன் செய்தால் திரும்பவும் அதே விண்டோ. ஓஎஸ் போட்டு முடித்த பிறகும் செட்டப் மட்டும் முடியவே இல்லை.

கடைக்குப் போனால், "ஹார்டு டிஸ்க் போயிருச்சு ஆச்சி, அதான் இப்படிக் கேக்குது" என்று பழைய டிஸ்க்கைக் கழற்றிவிட்டுப் புது எஸ்எஸ்டி டிஸ்க் மாட்டி 4,800 வாங்கிக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தது, ஆன் செய்தார், அதே விண்டோ! டிஸ்க்கையே மாற்றிய பிறகும் வருகிறது என்றால் கோளாறு டிஸ்க்கில் இல்லை என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கடைக்காரர் அசரவில்லை. "அப்போ மதர்போர்டாத்தான் இருக்கும், விட்டுட்டுப் போங்க" என்றார். நல்லவேளையாக ஆச்சி விட்டுவிட்டு வரவில்லை. "தம்பி, நீ பொங்கலுக்கு வரும்போது ஒரு பார்வை பாரு" என்று எனக்கு போன் செய்தார்.

பார்த்தால் எந்த உதிரிபாகத்திலும் கோளாறு இல்லை. விண்டோஸில் ஆடிட் மோடு என்று ஒன்று உண்டு. லேப்டாப் தயாரிக்கும் கம்பெனிகள் பெட்டியில் போட்டு அனுப்புவதற்கு முன் டிரைவர், சாஃப்ட்வேர் ஏற்றிச் சோதித்துப் பார்ப்பதற்காக வைத்தது. நாடு, கீபோர்டு, பயனர் பெயர் என்று முதலில் கேட்கும் திரையில் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஃப்3 மூன்றையும் சேர்த்து அழுத்தினால் அந்தக் கேள்விகளை எல்லாம் தாண்டி, பாஸ்வேர்டு இல்லாத அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் நேராக உள்ளே போய்விடும். மைக்ரோசாஃப்ட் கணக்கு கேட்கும் தொல்லை இல்லை என்பதால் கடைக்காரர்களுக்கு வசதி. அதில் தப்பும் இல்லை. ஆனால் வேலை முடிந்ததும் அந்த மோடிலிருந்து வெளியே கொண்டுவர வேண்டும். அதுவரை எத்தனை முறை ரீஸ்டார்ட் செய்தாலும் அந்த விண்டோ வந்துகொண்டேதான் இருக்கும். இவர்கள் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு, அந்தப் பாதியையே நோய் என்று காட்டிக் காசு பார்த்திருக்கிறார்கள்.

இதைச் சரிசெய்ய டிஸ்க்கும் வேண்டாம், மதர்போர்டும் வேண்டாம். முதலில் டெஸ்க்டாப்பில் இருக்கும் ஃபைல்களைப் பென்டிரைவில் எடுத்துவிடுங்கள், ஏனென்றால் அவை அந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கில் கிடக்கும், புதுக் கணக்கின் டெஸ்க்டாப்பில் தெரியாது. அப்புறம் அதே விண்டோவில் 'அவுட் ஆஃப் பாக்ஸ் எக்ஸ்பீரியன்ஸ்' என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்து, கீழே 'ரீபூட்' வைத்து ஓகே கொடுங்கள். 'ஜெனரலைஸ்' டிக் வேண்டாம், அது இந்த ஓஎஸ்ஸை வேறு மெஷின்களுக்குக் காப்பி எடுப்பவர்களுக்கானது. ரீஸ்டார்ட் ஆனதும் நாடு, பெயர் எல்லாம் கேட்கும். பதில் கொடுத்து முடித்தால் அந்த விண்டோவுக்கும் முடிவு. ஆச்சி காபி போட்டுக் கொண்டுவருவதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிட்டது.

(சிலருக்கு நீல நிறத்தில் இன்ஸ்டால் திரையே முதலிலிருந்து திரும்பத் திரும்ப வரும். அது வேறு கதை. பெரும்பாலும் பென்டிரைவைக் கழற்றாமல் விட்டிருப்பார்கள், மெஷின் அதிலிருந்தே பூட் ஆகிக்கொண்டிருக்கும்.)

அந்த "ஒரிஜினல் கீ"யையும் பார்த்துவிடலாம் என்று செட்டிங்ஸில், விண்டோஸ் உரிமத்தின் நிலையைக் காட்டும் ஆக்டிவேஷன் பக்கத்தைத் திறந்தேன். உங்கள் நிறுவனத்தின் ஆக்டிவேஷன் சர்வீஸ் மூலம் ஆக்டிவேட் ஆகியிருக்கிறது என்று ஆங்கிலத்தில் போட்டிருந்தது. எந்த நிறுவனம்? தேன்குழல் நிறுவனமா? பெரிய அலுவலகங்களுக்கான முறையை ஏதோ கிராக் (உரிமம் இருப்பதாக ஏமாற்றும் திருட்டு சாஃப்ட்வேர்) வைத்து ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த ஆக்டிவேஷன் 180 நாள்தான் தாங்கும், புதுப்பிக்க அந்தக் கிராக் உள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும். கணக்கு வழக்கு பார்க்கும் மெஷினில் இதை யார் வைத்துக்கொள்வார்கள்? இத்தனைக்கும் இது விண்டோஸ் 10 ஹோமுடன் வாங்கிய லேப்டாப். அதன் கீ மதர்போர்டில் இருக்கும் பயாஸ் சிப்பிலேயே பதிந்திருக்கிறது. மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து இலவசமாக இறக்கி 11 ஹோமைப் போட்டேன், கீ எதுவும் கேட்காமல் நெட் கிடைத்ததும் தானாகவே ஆக்டிவேட் ஆனது. போட்டுக்கொடுத்ததற்குக் கூலி வாங்கியிருந்தால் நியாயம். கீக்கு எதற்குப் பணம்?

பணத்தைக்கூட விட்டுத்தள்ளலாம். எனக்கு வயிறு எரிவது பழைய டிஸ்க்கை நினைத்துத்தான். திருப்பிக் கேட்டதற்கு "அது ஸ்கிராப்புக்குப் போயிருச்சு" என்றார்கள். ஆடிட்டருக்குக் கொடுக்க எடுத்த காப்பி ஒன்று பென்டிரைவில் இருந்ததால் வியாபாரம் நிற்கவில்லை. ஆனால் வாடிக்கையாளர்களின் பெயர், வீட்டு முகவரி, போன் நம்பர் எல்லாம் இருக்கும் டிஸ்க் இப்போது யார் கையில் என்று தெரியாது. ஓஎஸ் புதிதாகப் போட்டிருந்தாலும் பழைய ஃபைல்கள் அப்படியே இருக்கலாம், அழிந்தவற்றையும் மீட்க வழி இருக்கிறது. டிஸ்க் மாற்றச் சொன்னால் பழையது உங்கள் கைக்கு வராமல் பணம் கொடுக்காதீர்கள். வாங்கும்போது அங்கேயே ஆன் செய்து, ரீஸ்டார்ட் செய்து, ஆக்டிவேஷன் பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகார் பதிந்திருக்கிறோம். கடையில் கொடுத்தது வெறும் எஸ்டிமேட் சீட்டுதான், ஜிஎஸ்டி பில் இல்லை. ஆனால் பணம் ஜிபேயில் போனதால் அந்தத் தடயம் இருக்கிறது. சரிப்படாவிட்டால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவதாக அத்தான் சொல்லியிருக்கிறார்.

இதைப் படிப்பவர்களில் கோட்டையூர் ஆச்சியிடம் பலகாரம் வாங்கியவர்கள் இருந்தால் ஒரு விஷயம். பார்சல் பாக்கி, கூரியர் கட்டணம் என்று புது நம்பரிலிருந்து யாராவது பணம் கேட்டால் அனுப்பாதீர்கள். ஆச்சியின் பழைய நம்பர் மாறவில்லை, அதில் கூப்பிட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.