தலைகீழ் அரபியில் வந்த அட்மிஷன் கடிதம்

மூன்று வருஷமாக ஹைகோர்ட் மதுரைக் கிளையில் ஜூனியராக ஓடிக்கொண்டிருக்கிறேன். கறுப்புக் கோட்டு போட்டவன் ஏமாந்த கதையை வெளியே சொல்லக் கூச்சம்தான். ஆனால் போன வாரம் மேலூர்த் தம்பி ஒருத்தன், நான் ஏமாந்த அதே வெளிநாட்டுக் கல்வி ஆபீசில் பணம் கட்டப்போவதாகச் சொன்னான். இனிமேலும் வாயை மூடிக்கொண்டு இருப்பது சரியில்லை.

என் மாமா ரியாத்தில் டிரைவர். சம்பளப் பாக்கிக்கு அங்கே வழக்கு போட்டார். தீர்ப்பு அரபியில் வாட்ஸ்அப்பில் வந்தது. எங்கள் வீட்டில் நன்னி முதல் எல்லோருக்கும் குர்ஆன் ஓதத் தெரியும், ஆனால் அந்தத் தாளில் மாமாவுக்குப் பணம் உண்டா இல்லையா என்று சொல்ல ஒருத்தரும் இல்லை. சட்டத்தையும் அரபுலகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்ற ஆசை அன்றைக்குப் பிடித்தது.

அப்படி ஒரு படிப்பு நிஜமாகவே இருக்கிறது. வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் ஜே.டி. சட்டப் பட்டத்தையும் அரபு ஆய்வியல் எம்.ஏ.வையும் சேர்த்து 4 வருஷத்தில் முடிக்கலாம். தனித்தனியாகப் படித்தால் 3 கூட்டல் 2. இதைத் தெரிந்துகொண்டுதான் அண்ணா நகரில் ஒரு வெளிநாட்டுக் கல்வி ஆபீசுக்குப் போனேன்.

அங்கே இருந்த கவுன்சிலர் (வார்டு கவுன்சிலர் இல்லை, இவர்களும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறார்கள்) கொடுத்தது எலுமிச்சை டீயும் மூன்று உண்மைகளும். ஜார்ஜ்டவுனில் இந்த ஜோடிப் பட்டம் இருக்கிறது. அவர்களுக்கு கத்தாரில் 2005 முதல் ஒரு கிளை இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பட்டம் படிக்கலாம் என்று யு.ஜி.சி. 2022-ல் சொல்லிவிட்டது. மூன்றும் சரி. மூன்றையும் ஒட்டிய பசைதான் பொய்: "சார், தோஹாவிலேயே 18 மாசத்துல ரெண்டு டிகிரியும் முடிச்சிரலாம். எக்ஸாம் கிடையாது. அரபியே தெரியவேணாம், அங்க போய்ப் பழகிக்கலாம்."

தோஹா கிளையில் சட்டப் பட்டமே கிடையாது. ஜே.டி. வேண்டுமென்றால் எல்சாட், ஜி.ஆர்.இ. போன்ற ஒரு நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், விண்ணப்பம் எல்சாக் என்ற அமைப்பின் வழியாகப் போக வேண்டும். எம்.ஏ.வுக்குத் தனி விண்ணப்பம், தனித் தேர்வுக் குழு. சட்டக் கல்லூரி இடம் கொடுத்ததற்காக அரபுத் துறை கொடுத்துவிடாது. எம்.ஏ. முடிக்க அரபித் தகுதித் தேர்வில் தேற வேண்டும். யு.ஜி.சி. அறிவிப்பும் சட்டப் படிப்பை பார் கவுன்சில் விதிக்கு மேலே தூக்கி வைக்கவில்லை. இவ்வளவும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தால் நானே படித்திருக்கக்கூடியது. கட்சிக்காரர் பத்திரம் கொண்டுவந்தால் வில்லங்கச் சான்று கேட்கிறவன், என் விஷயத்தில் டீயைக் குடித்துவிட்டுத் தலையாட்டினேன்.

பதிவுக்கு 40,000. சீட் பிளாக்கிங்குக்கு 1,10,000. 'அரபு அட்டஸ்டேஷன்' என்று 35,000. வெளிநாட்டில் காட்டும் சான்றிதழ்களுக்கு வெளியுறவு அமைச்சகம் போடும் அப்போஸ்டில் முத்திரைக்கு அரசுக் கட்டணம் ஒரு தாளுக்கு 50 ரூபாய் என்பது பிறகுதான் தெரிந்தது. மொத்தம் 1,85,000. தள்ளி எடுத்த சீட்டுப் பணம், தவணை இன்னும் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டு மாதம் கழித்து கடிதம் வந்தது. மேலே ஆங்கிலம், கீழே அரபி, தங்க நிற முத்திரை. அத்தா அதை லேமினேட் பண்ணலாம் என்றார். மஃரிப் தொழுகைக்குப் பிறகு எங்கள் தெரு ஹஜ்ரத்திடம் அரபி இலக்கணம் படித்துக்கொண்டிருந்தேன், பெருமையாகக் கொண்டுபோய்க் காட்டினேன். ஹஜ்ரத் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வலப்பக்கமிருந்து விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தார்.

"தா... ஐன்... மீம்... அலிஃப்... ஜீம். இது என்ன தம்பி?"

நானும் குனிந்து பார்த்தேன். 'ஜாமிஆ', அதாவது பல்கலைக்கழகம் என்று இருக்க வேண்டிய சொல். ஜீமில் தொடங்கி அலிஃபோடு ஒட்டி வர வேண்டியது, ஒவ்வொரு எழுத்தும் உதிரி உதிரியாக, இடமிருந்து வலமாகக் கிடந்தது. மதுரை என்பதை 'ரை து ம' என்று அச்சடித்த மாதிரி. அரபி தெரியாத கம்ப்யூட்டரில் யாரோ வெட்டி ஒட்டியிருக்கிறார்கள். ஐந்து வயதிலிருந்து ஓதுகிற எனக்கு அது கண்ணில் படவில்லை. முத்திரையைத்தான் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஒவ்வொன்றாக உதிர்ந்தது. அனுப்பிய மின்னஞ்சல் பல்கலைக்கழக முகவரியிலிருந்து வரவில்லை. எல்சாக்கில் எனக்குக் கணக்கே இல்லை, நான் எந்தத் தேர்வும் எழுதவில்லை. பல்கலைக்கழகத்துக்கே கடிதத்தை அனுப்பிக் கேட்டேன், நாங்கள் கொடுத்தது இல்லை என்று இரண்டு வரியில் பதில் வந்தது.

ஆபீசில் போய்க் கேட்டபோது, "நீங்களே வக்கீல், அக்ரிமென்ட்ல நோ ரீஃபண்டுனு போட்டிருக்குல்ல?" என்றார் அதே கவுன்சிலர். அன்றைக்கு டீ வரவில்லை. சீனியரிடம் சொன்னேன். முதலில் சிரித்தார், பிறகு, "அடுத்தவனுக்கு டிராஃப்ட் பண்ற மாதிரி பண்ணுப்பா, உனக்குன்னு நினைக்காத" என்றார்.

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை, 2 வருஷத்துக்குள் போட வேண்டும். போலிக் கடிதத்துக்காக போலீசில் தனிப் புகார் கொடுத்திருக்கிறேன், இன்னும் விசாரணைக்குக் கூப்பிடவில்லை. இதற்கிடையில் அந்த ஆபீஸ் போர்டில் 'ஜெர்மனி நர்சிங்' என்று புதிதாக ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறது.

இந்தப் படிப்பில் நிஜமாகவே ஆசை உள்ளவர்கள் எல்சாக்கில் நீங்களே கணக்குத் தொடங்குங்கள், எம்.ஏ. விண்ணப்பத்தை நீங்களே போடுங்கள். இரண்டையும் ஒரே பில்லில் விற்க யாராலும் முடியாது. சட்டக் கல்லூரியின் கட்டணம் மட்டும் வருஷத்துக்கு 70,000 டாலருக்கு மேல் என்பதையும் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள். நான் சொல்லவில்லை.

உங்களில் யாரிடமாவது அதே தங்க முத்திரைக் கடிதம் இருந்தால் கோபத்தில் கிழித்துவிடாதீர்கள். ரசீதோடு பத்திரமாக வைத்து எனக்குத் தகவல் சொல்லுங்கள். அடுத்த வாய்தாவுக்குள் இன்னும் இரண்டு கடிதமாவது கிடைத்தால், மூன்றிலும் ஜீம் ஒரே இடத்தில் தலைகீழாக நிற்பதை ஆணையத்தில் காட்டிவிடுவேன்.